கொடைவள்ளல்கள் வாழ்க

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை இன்னும் எத்தனை காலம் பாடுவது? அவன் கொடுத்தது ஒரேயொரு தேர், அதுவும் தன்னுடையது. நம் இலங்கை ஆட்சியாளர்களோ 2019 முடிவில், 15 வீதமாக இருந்த வற் வரியை 8 ஆக்கி, அரசாங்கத்தின் வருமானத்தையே தூக்கிக் கொடுத்தார்கள். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தி மண்ணுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். மண் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டது. கடனோடு சித்திரை வருஷம் பிறக்கலாமா என்று, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வருஷப்பிறப்புக்கு இரண்டே நாள் இருக்க, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டமாட்டோம் என்று அறிவித்த பாங்கை என்னவென்பது! அதன் பிறகு சர்வதேச நாணய நிதியத்தின் படியேறியது 17ஆவது தடவையாம். விடாமுயற்சி என்றால் இதுவல்லவா?

கொடுத்ததைத் திரும்ப வாங்கியதில்தான் அவர்களுடைய சமத்துவம் தெரிந்தது. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது, சமையல் எரிவாயுவுக்கும் சேர்த்து. வெள்ளவத்தையில் கடல் பார்த்த மாடிவீட்டுக்காரரும், கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் ஒற்றை அறையில் ஆறு பேராக இருப்பவரும் சிலிண்டருக்குக் கட்டுவது ஒரே வரி. இனம், மதம், வருமானம் எதுவும் பார்க்காத நாடு.

2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, திறைசேரி முறிகளில் வங்கிகளைத் தொடவில்லை. பாவம், அவை ஏற்கெனவே களைத்திருந்தன. களைப்பே அறியாதவர்கள் காலி வீதிப் புடவைக்கடைகளில் முப்பது வருஷம் நின்ற காலோடு நிற்பவர்கள் அல்லவா? வட்டியை விட்டுக்கொடுக்கும் பெருமை அவர்களுடைய ஊழியர் சேமலாப நிதிக்குப் போயிற்று. கட்டாயம் ஒன்றுமில்லை. விரும்பினால் நிதி சேரலாம், சேராவிட்டால் அதன் வருமானத்தின் மேலான 14 வீத வரி 30 ஆகும், அவ்வளவுதான். இவ்வளவு நாகரிகமாக யார் கேட்பார்கள்?

ஜமெய்க்காவும் நம்மைப் போலக் கடனில் மூழ்கிய தீவுதான். 2013இல் அங்கே அரசாங்கம் சொன்னதைச் செய்கிறதா என்று பார்க்கத் தொழிற்சங்கத்தையும் வியாபாரிகளையும் சேர்த்துக் குழு வைத்தார்கள். சந்தேகப் பிராணிகள்! கடன் குறைந்துவிட்டதாம், அது வேறு கதை.

நம் நாட்டிலோ, பொருளாதார நெருக்கடி பற்றிய வழக்கில், 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ராஜபக்ச சகோதரர்களில் மூவரும் மத்திய வங்கி ஆளுநர்களாக இருந்தவர்களும் இன்னும் சிலரும் மக்களின் நம்பிக்கையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு 150,000 ரூபா. அதிலும் வற் பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்தப் பெருந்தன்மையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.