அரைக்கோப மீன்களுக்குப் பொருத்தம் பார்க்கும் முறை

மனிதருக்குப் பொருத்தம் பார்க்கச் சாஸ்திரம் வகுத்த நம் முன்னோர், தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று பத்து வழியாலும் இரண்டு ஜாதகங்களைப் புரட்டிப் பார்த்தார்களே தவிர, மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றுக்குள் ஆயுள்பரியந்தம் ஒன்றின் முகத்தில் ஒன்று விழித்துக் காலந்தள்ள வேண்டிய மீன்களுக்கு எந்தப் பொருத்தம் பார்ப்பது என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதிவைக்காமல் போனார்கள். அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. அவர்கள் காலத்து மீன் ஏரியில் இருந்தது, அல்லது குழம்பில் இருந்தது. இவ்விரண்டு ஆசிரமங்களுக்கும் நடுவே, கூடத்தில் விளக்குப் போட்டு வைக்கப்படும் மூன்றாவது ஆசிரமம் ஒன்று மீனுக்கு வாய்க்கும் என்று யார் கண்டார்கள்? 1985-ல் தீக்கிரையாகும் வரையில் மூர் மார்க்கெட்டிலும், பிற்பாடு கொளத்தூர்க் கடைகளிலும் பெருகி வளர்ந்த இந்தப் புதிய ஆசிரமத்துக்கு இலக்கணம் செய்வாரில்லாத குறையை ஓரளவேனும் நீக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு ஓர் எல்லை வேண்டுமாதலால், நன்னீர்த் தொட்டியை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன். அதுவும் மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரம் என்னும் மத்தியதர அளவினது. கணக்குப்படி 127 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் இட்டு, விளிம்பில் நாலு விரற்கடை விட்டுவிட்டால் நூறு தேறினால் அதிகம். சாதுவான மீன்களைப் பற்றிப் பேசப்போவதில்லை; அவற்றால் யாருக்கும் தொல்லையில்லை. மகாமுரடான மீன்களைப் பற்றியும் பேசுவதற்கில்லை. தொட்டிக்கு ஒன்று என்று வைத்துவிட்டால் விவகாரம் தீர்ந்துபோகிறது. தர்மசங்கடமெல்லாம் நடுவில் நிற்கும் அரைக்கோபக்காரரிடத்தில்தான்.

முதலில் பூர்வபட்சம். மீன்களைச் சுபாவத்தால் மூன்றாகப் பிரித்து, அந்தந்த வகுப்பை அந்தந்த வகுப்போடு சேர்ப்பதே கடைக்காரர்களின் கொள்கை. இது ஜோதிடத்தின் கணப் பொருத்தத்தோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போகிறது. கப்பி, மாலி, நியான் டெட்ரா முதலியவை தேவ கணம். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் முதலியவை, எதிரில் வருவது வாய்க்குள் அடங்குமானால் விழுங்கிவிட்டு மறுவேலை பார்ப்பதால், ராட்சச கணம். டைகர் பார்ப், ஃபயர்மவுத், கான்விக்ட், ரெட் டெயில் ஷார்க் ஆகியவை மனுஷ கணம். இக்கணத்தின் லட்சணமாவது: விழுங்காது, விட்டும் வைக்காது, வாலின் நுனியைக் கடிக்கும், காரணமின்றித் துரத்தும், எளியதை மூலையில் ஒடுக்கும், தீனி போடும் வேளையில் ஒன்றும் நடவாததுபோல் அதன் பக்கத்திலேயே வந்து நிற்கும். மனுஷ கணம் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

இக்கொள்கை கேட்பதற்கு ரம்மியமாக இருக்கிறதேயன்றி, தொட்டியில் செல்லுபடியாவதில்லை. ஒரே கணத்தைச் சேர்ந்த, ஒரே இனத்தைச் சேர்ந்த, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரண்டு ரெட் டெயில் ஷார்க்குகளை மூன்றடித் தொட்டியில் விட்டால் ஜாதகப்படி அவை ஒட்டி உறவாட வேண்டும். உண்மையில் வலியது எளியதை ஓயாமல் துரத்தி, மூலையில் ஒடுக்கி, பட்டினி போட்டே தீர்த்துவிடுகிறது. (இது சுறா அன்று, கெண்டைக் குலத்தது, பெயரில்தான் சுறா. அந்தப் பெயரை அது மெய்யென்று எடுத்துக்கொண்டது போலும்.) டைகர் பார்ப்பின் கதை இதற்கு நேர்மாறு. மூன்று இருந்தால் அயலாரின் செட்டையைக் கந்தலாக்கும் அம்மீன், எட்டாகப் பெருகினால் தங்களுக்குள்ளேயே ஒன்றையொன்று விரட்டிக்கொள்வதில் நாளைப் போக்கி, அயலாரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. அதே மீன், அதே கணம். எண்ணிக்கை மாறியதும் நடத்தை மாறிவிடுகிறது. ஆகவே கோபம் என்பது மீனின் பிறவிக் குணம் மாத்திரமன்று, அது இருக்கும் ஸ்திதியையும் பொறுத்தது என்று அனுமானிக்க இடமுண்டு.

இந்த அனுமானத்துக்குப் பிரத்தியட்சப் பிரமாணம் எனக்குக் கிடைத்த இடம் பசியாவரம். பழவேற்காட்டு ஏரியின் நடுவே, வெளியுலகுக்குப் போக நெடுங்காலம் படகையே நம்பியிருந்த ஊர் அது. ஐப்பசி கார்த்திகையில் ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவந்து கொட்டும் வெள்ளத்தால் ஏரிநீரின் உப்பு குறைந்துபோகும். கோடையில், முகத்துவாரம் மணலடைத்துக்கொண்டால், கடலைக் காட்டிலும் கரிக்கும். திரும்பிய திசையெல்லாம் மீன் துள்ளும் அப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், கொளத்தூரிலிருந்து படகேறி வந்த கண்ணாடித் தொட்டி ஒன்று நன்னீரோடு வீற்றிருந்தது. உள்ளே மூன்று டைகர் பார்ப். ஓர் ஏஞ்சல், அதன் நீண்ட செட்டைகள் ஏற்கெனவே குட்டையாகியிருந்தன. வீட்டுப் பையன் இது போதாதென்று, தகப்பனாரின் வலையில் அகப்பட்ட விரல் நீளக் கீச்சான் ஒன்றையும், ஏரிநீரில் கொஞ்சங் கொஞ்சமாக நன்னீர் கலந்து பழக்கி, உள்ளே விட்டிருந்தான்.

கீச்சானைப் பற்றி இரண்டு வார்த்தை. தண்ணீரைவிட்டு எடுத்தால் கீச்சுக் கீச்சென்று முறையிடும் மீன் இது. உடம்பின் பக்கவாட்டில் வில்லாய் வளைந்த கறுப்புக் கோடுகள் ஓடும். குஞ்சுப் பருவத்தில் பிற மீன்களின் செதிலைக் கடித்துத் தின்னும் பழக்கமுண்டு என்பது உயிர்நூலார் ஒப்புக்கொண்ட செய்தி. நான் பார்த்தபோது பார்ப் மூன்றும் மேல்மூலையில் ஒடுங்கியிருந்தன. அவற்றின் விலாவில் ஆங்காங்கே செதில் போன வெண்புள்ளிகள் தெரிந்தன. “இதை எடுத்துவிட வேண்டியதுதானே?” என்று கேட்டேன். திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த பாட்டனார் தலைநிமிராமலே, “அது அடிக்கிற மீனு இல்ல சார், எடம் புடிக்கிற மீனு. ஒரு மூல குட்த்துட்டா கம்முனு கெடக்கும்” என்றார். பிறகு எழுந்து வந்து, விளிம்பு உடைந்த மண்சட்டி ஒன்றைக் கழுவித் தொட்டியின் இடது கோடியில் கவிழ்த்துவிட்டுப் போனார். நான் படகுக்குக் கிளம்பும் வேளைக்குக் கீச்சான் சட்டிக்குள் குடிபுகுந்துவிட்டது. செதில் தின்னும் ஆசை அதற்கு அடியோடு நீங்கிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் சட்டியிலிருந்து ஒரு முழத்துக்கு அப்பால் அது வரவில்லை, பார்ப்புகளும் கீழே இறங்கி நீந்தத் தொடங்கியிருந்தன.

பாட்டனாரின் வாக்கு வெறும் மீனறிவு அன்று. இவ்வேரியில் மீனவர்கள் ‘பாடு’ என்று ஒரு முறையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நாளில், எவர் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டும் முறைவைத்தும் பங்கிட்டுக்கொள்வது அது. இறால் நன்றாய் விழும் இடமும் விழாத இடமும் எல்லார் கைக்கும் மாறி மாறி வரும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு உண்டு. பாட்டில் இடம்பெறாதவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் இடையே மனத்தாங்கல் எழாமல் இருந்ததில்லையாதலால், அதைச் சொர்க்கலோகத்துச் சட்டமென்று புகழ வேண்டியதில்லை. என்றாலும் அதன் மூலதத்துவம் கவனிக்கத்தக்கது: வலை போடுபவன் சாந்தனா கோபியா என்ற விசாரணையே அதில் கிடையாது, விசாரணை முழுவதும் இடத்தையும் முறையையும் பற்றியது. கணக் கட்சிக்கு எதிராக நான் நிறுத்தும் சித்தாந்தம் இதுவே. இதைப் பாட்டுக் கட்சி என்று அழைக்கலாம்.

சுபாவத்தை மட்டும் பார்த்தால் எங்கே போய் முட்டிக்கொள்வோம் என்பதற்கு நம் நாட்டு மீன்களே சாட்சி. ஆஸ்கரும் ஏஞ்சலும் கான்விக்டும் பிறந்த சிக்லிட் குலத்தில் இந்தியாவில் இயற்கையாக வாழ்பவை மூன்றே இனங்கள். அவற்றுள் ஒன்று பச்சைக் குரோமைடு. மலையாளிகள் கரிமீன் என்று வாழையிலையில் பொதிந்து கொண்டாடுவதும், 2010-ல் கேரளத்தின் மாநில மீனாக்கப்பட்டதும் இதுவே. மற்றொன்று அதைவிட மிகச் சிறிய மஞ்சள் குரோமைடு. பெர்லின் வைத்தியர் பிளாக், முன்னதற்கு 1790-லும் பின்னதற்கு 1795-லும் விஞ்ஞானப் பெயர் சூட்டினார். இவ்விரண்டும் ஒரே உப்பங்கழியில் கூடி வாழ்பவை. இவற்றை ஆராய்ந்த வார்ட், வைமன் என்னும் இருவர் 1970-களில் கண்டு எழுதியதைப் படித்தால், எந்த ஜோதிடரும் ஓலையை மூடி வைத்துவிடுவார். மஞ்சள் மீனின் இளசுகள் பச்சை மீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்கின்றன. அதுவும் செட்டையை விரித்து அசையாமல் நின்று கொடுக்கிறது. அதே மஞ்சள் இனத்தார், சமயம் வாய்த்தால், அதே பச்சை மீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகிறார்கள். போதாக்குறைக்கு மஞ்சள் மீனின் சொந்தக் குஞ்சுகள் தாய் தந்தையர் உடம்பில் ஊறும் கோழையை மேய்ந்து வளர்கின்றன. உபகாரி, அபகாரி, பிள்ளை என்ற மூன்று உறவும் ஒருவர் உடம்பை ஒருவர் கொத்துவதிலேயே நடைபெறும் இக்குடும்பத்தை எந்தக் கணத்தில் எழுதுவது?

இன்னும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆஸ்திரிய விஞ்ஞானி கோன்ராட் லோரென்ஸ் மிருகங்களின் மூர்க்கத்தைப் பற்றி 1963-ல் வெளியிட்ட நூலில், நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்த தொட்டியில் சிக்லிட் தம்பதிகளைக் குடியேற்றியதைச் சொல்கிறார். தடுப்பு தெளிவாக இருந்தவரையில் கணவன்மார் இருவரும் கண்ணாடிக்கு இருபுறமும் நின்று ஒருவரையொருவர் உறுமிக்கொண்டு, தத்தம் மனைவியரிடம் பிரியமாக இருந்தார்கள். பாசி படர்ந்து பக்கத்துவீட்டுக்காரன் கண்ணுக்கு மறைந்ததும், கோபம் போக இடமின்றி மனைவியின்மேல் திரும்பிற்று. கண்ணாடியைத் துடைத்ததும் இல்லறம் மறுபடி சீர்ப்பட்டது. மஞ்சள் குரோமைடு ஜோடிகளைத் தனித்து வைத்தால் என்ன நேர்கிறது என்று 1969-ல் ராஸா என்னும் அறிஞரும் ஆராய்ந்திருக்கிறார். ஆகவே, பாவம், தனியாக நிம்மதியாய் இருக்கட்டும் என்று ஒரு ஜோடியை மட்டும் தொட்டியில் விடும் கருணாமூர்த்திகள், அந்த நிம்மதிக்கு விலை கொடுக்கப்போவது பெண் மீன் என்பதை ஞாபகத்தில் வைப்பது நல்லது. எட்டத்தில், எல்லைக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியும் ஒரு விரோதி வேண்டும். எல்லை மட்டும் அழிந்துவிடக் கூடாது.

இனி விதி. மீனை வாங்குமுன் இடத்தை வகுக்க வேண்டும்: இடக்கோடியில் கல்லடுக்கு, வலக்கோடியில் உடைந்த சட்டி, நடுவில் உயர்ந்த செடி, ஒரு கோடியில் நிற்கும் மீனுக்கு மறுகோடி முழுவதும் தெரியலாகாது. தரைக்குச் சொந்தக்காரராக மஞ்சள் குரோமைடு. சிறிய பருவத்தில் ஆறு வாங்கி, ஒரு ஜோடி தானாகச் சேர்ந்ததும் மீதியைக் கடைக்கே திருப்பிவிடலாம். ஃபயர்மவுத்தின் மேல் மோகமுள்ளவர்கள் குரோமைடுக்குப் பதிலாக அதை வைக்கலாம். செவுளைச் சிவக்க விரித்துக் காட்டும் மிரட்டலில் முக்கால் பங்கு வெறும் ஆர்ப்பாட்டம். ஆனால் இரண்டையும் சேர்த்து வைக்கக் கூடாது, இரண்டுக்கும் தரைதான் வேண்டும். நடுநீரில் டைகர் பார்ப் எட்டு. ரெட் டெயில் ஷார்க் வைத்தே தீருவேன் என்பவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்க. நீண்ட செட்டையுள்ள ஏஞ்சலுக்கு இங்கே வேலையில்லை. பச்சைக் குரோமைடு ஒரு சாணையும் தாண்டி வளர்வதால் மூன்றடிக்கு ஆகாது. அதற்குரிய பாத்திரம் வேறு, அது அடுப்பின் மேல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவது உத்தமம். ஒன்று முந்திக்கொண்டால் தொட்டி முழுவதும் தனக்குப் பட்டா ஆகிவிட்டதாக அது எண்ணிக்கொள்ளும். பிற்பாடு புது மீன் சேர்க்க நேர்ந்தால், விளக்கை அணைத்து, கல்லையும் சட்டியையும் இடம் மாற்றி அடுக்கிவிட்டுப் பிறகு விடுக. பழைய எல்லைகள் கலைந்துபோவதால் எல்லாரும் புதிதாகக் குடியேற வேண்டியதாகிறது. பாட்டு முறையில் மறுசீட்டுப் போடுவதும் இதுவும் ஒன்றே.

அனுபந்தமாக ஒரு சந்தேகம் தீர்க்க வேண்டியிருக்கிறது. உள்ளூர்க் குட்டைகளில் இலவசமாகக் கிடைக்கும் பனையேறிக் கெண்டையை இக்கூட்டத்தில் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி உத்தியோகத்திலிருந்த டால்டார்ஃப் என்பவர், 1791-ல் இம்மீன் ஒன்று பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதியனுப்ப, லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797-ல் அச்சிட்டது. அது உண்மையிலேயே பனையேறியதா என்ற சர்ச்சை வெகுகாலம் நடந்தது. அந்தச் சர்ச்சை நமக்கு வேண்டாம். செவுள் மூடியின் முள்ளை ஊன்றி ஈரத்தரையில் வெகுதூரம் நடக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தொட்டிக்குள் இடம் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தும், தனக்கு வந்த பங்கு பிடிக்காமல் வீட்டைவிட்டே புறப்படக்கூடிய மீன் இது ஒன்றுதான். வைக்கிறவர்கள் தாராளமாக வைக்கலாம். மூடியின் மேல் ஒரு செங்கல்லையும் வைக்கட்டும்.