முருங்கைக்காய் தர்மம்

கோடை வந்தால் கிராமத்தில் ஈகை பெருகுகிறது என்பார்கள். பெருகுவது முருங்கைக்காய். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம், விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கி, மரத்துக்கு ஆண்டில் 200 காய்களுக்கு மேல் கொடுக்கும். நாலு பேர் உள்ள வீட்டில் சாம்பார், பொரியல், கூட்டு என்று எத்தனை நாள்தான் மென்று துப்புவது? கொல்லையில் இரண்டு மரம் நின்றால் வேலிக்கு மேல் காய் நீளத்தான் செய்யும். “அக்கா, பிஞ்சா இருக்கு, வாங்கிக்குங்க” என்ற குரலில் அன்பைவிடக் கையிருப்பின் கனம் அதிகம். அக்காவும் லேசுப்பட்டவர் அல்ல. பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டுச் சுரைக்காய் பதிலுக்கு வந்துவிடும்.

நல்ல மனசை இப்படியா கொச்சைப்படுத்துவது, விற்றுக் காசாக்காமல் கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கோடையில் ஊரே சந்தைக்குக் காய் சுமக்கிறது. கிடைக்கும் விலை போகவர ஆகும் பேருந்துக் கட்டணத்துக்கே காணாது. (மகளிருக்கு டவுன் பஸ் இலவசம் என்பதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) மார்கழியில் வரத்துக் குறைந்து விலை ஏறும்போது இதே மரத்தின் காய்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கும். ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் சித்திரையில் நீட்டும் காய்க்கட்டை வாங்கிக் குழம்பு வையுங்கள். பாராட்டை மட்டும் மார்கழிவரை நிறுத்தி வையுங்கள்.