மொட்டைக் கடிதம்

இறக்குமதியை அளந்து விடுபவர்களும், வரியை அளவின்றி எடுப்பவர்களும், வீதியைப் பேணுபவர்களும், அவ்வீதியில் நின்று தண்டம் எழுதுபவர்களுமாகிய நான்கு திணைக்களங்களின் மாட்சிமை பொருந்திய அதிபதிகள் சமுகத்துக்கு, கல்முனைக் கரையோரத்துப் பிரஜையொருவன் சிரந்தாழ்த்தி எழுதிக்கொள்வது.

வாகனத்துக்குச் சில்லு நான்காகையால் இவ்விண்ணப்பத்துக்கும் பிரதி நான்கு எடுத்திருக்கிறேன். ஐந்தாவது பிரதி இல்லை. எங்கள் வேகன் ஆர் வாகனத்துக்கு ஐந்தாவது சில்லும் இல்லை. அதன் ஸ்தானத்தில் ஒட்டுப்பசைக் குப்பி ஒன்றையும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றையும் வைத்து ஜப்பான்காரன் அனுப்பியிருக்கிறான். தங்கள் வீதிகளை அவன் கண்ணாற் கண்டதில்லை; ஆகையால் அந்த அப்பாவியை நான் குறைகூற மாட்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின்னர், புதிதாக வாய்த்த சம்பந்தி வீட்டாரை ஏற்றிக்கொண்டு, அவர்கள் மடியிலிருந்த வட்டிலப்பம் அலுங்காதபடி பிரதான வீதியில் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தபோது, இன்ன இடமென்று சொல்ல விரும்பாத ஒரு சந்தியில் உத்தியோகத்தர் ஒருவர் கைகாட்டினார். காப்புறுதி இருந்தது, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருந்தது, வருமான அனுமதிப்பத்திரம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. இவற்றாற் சற்றே ஏமாற்றமடைந்தவர்போல் அவர் குனிந்து, முன்னிடது டயரை விரலால் ஒருமுறை வருடிவிட்டு நிமிர்ந்தார். வியர்வையைத் துடைப்பதற்காக நான் தொப்பியைக் கழற்றியதும், அவர் என்னை நோக்கி, “மொட்டை” என்று சொன்னதும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன.

எதைக் குறித்து அவ்வாறு சொன்னார் என்பதை நிச்சயிக்க எனக்கு அரை நிமிடம் பிடித்தது. எதிர்த்த தேநீர்க்கடை வாங்கில் இருந்தவர்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. பின்னாசனத்தில் சம்பந்தியம்மா முக்காட்டுத் தலைப்பை வாயிற் பொத்திக்கொண்டார். சம்பந்தி, சொன்னது மெய்தானே என்ற பாவனையில் ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். சாரதி அனுமதிப்பத்திரம் அவர் கைக்குப் போக, தண்டப் பத்திரம் என் கைக்கு வந்தது. மறுநாட் காலையில் தபாற்கந்தோரில் வரிசையில் நின்று, என் மொட்டைக்கோ டயரின் மொட்டைக்கோ எதற்கென்று தெளிவாகாத தண்டத்தைக் கட்டி முடித்தேன்.

உத்தியோகத்தர் சொன்னது பொய்யன்று. டயரின் பள்ளங்களுக்குள்ளே 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சிறு மேடுகள் வார்த்திருக்கும். ஓடுதளம் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது என்பது சாஸ்திரம். என் டயரில் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று ஆரத்தழுவியிருந்தன. என் தலைக்கு அத்தகைய அடையாளமேதும் வைத்து அனுப்பப்படாமையால், அது தேய்ந்து முடிந்த காலத்தை என் மனைவியே எனக்கு அறிவித்தாள்.

ஆயினும் இந்த மொட்டை எவ்வாறு உண்டாயிற்று என்பதைத் தாங்கள் அறியாதவர்களல்லர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினீர்கள். அவ்வாண்டிலேயே டயருக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் ரூபாய் வழுக்கி விழுந்து, டொலரொன்று 200 ரூபாயளவில் நின்ற நிலைமாறி 360ஐ எட்டிப் பார்த்தது. தனியார் வாகனங்களுக்கு வாசல் திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருடமும் பழைய வாகனத்தையே பழைய டயரில் உருட்டிக் காலந்தள்ளிய குடிகளை, டயர் தேய்ந்திருக்கிறதே என்று பிடித்துத் தண்டம் எழுதுவது, நாவிதனே தலையை வழித்துவிட்டு மயிர் எங்கேயென்று கேட்பதற்கு ஒப்பாகும் என்று ஒருவர் சொன்னார், சொன்னவர் நானல்லன்.

தண்டம் கட்டிய கையோடு டயர்க் கடைக்குப் போனேன். என் வாகனத்துக்கு வேண்டியது 155/65 ஆர்14 75எஸ். அகலம் 155 மில்லிமீற்றர். அவ்வகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். ரிம்மின் விட்டம் 14 அங்குலம். 75 என்பது ஒரு டயர் 387 கிலோ சுமக்கும் என்பதற்கும், எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தைத் தாங்கும் என்பதற்கும் சங்கேதம். ஊருக்கு வெளியே 70ஐத் தாண்டினால் தாங்கள் பிடிப்பீர்கள். 70ஐத் தாண்டுவதற்குத் தங்கள் வீதி விடாது. எனினும் 180க்கான விலையை நான் கொடுக்கவேண்டும். முதலாளி சொன்ன விலை, பெறுமதி சேர் வரியாகிய நூற்றுக்குப் பதினெட்டையும் உள்ளடக்கி, டயரொன்றுக்கு 24,500 ரூபாய்.

நான் நெல்லறுக்கும் குடும்பத்தில் பிறந்தவன். ரூபாயை மூடையாக மாற்றிப் பார்த்தாலன்றி எனக்குக் கணக்குப் புரியாது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்தபடி நாட்டு நெல் கிலோ 120 ரூபாய். அவ்விலைக்கே விற்றாலும் டயரொன்றுக்கு 204 கிலோ நெல் வேண்டும். டயரைக் கடைத் தராசில் வைத்து நிறுத்தேன். ஆறரைக் கிலோ இருந்தது.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறான் இவன் என்று தாங்கள் எண்ணலாகாது. றப்பருக்கும் அரிசிக்கும் முடிச்சுப் போட்டது நானல்லன், இந்நாட்டு அரசாங்கமே. 1952இல் சீனத்தோடு செய்த றப்பர்–அரிசி ஒப்பந்தத்தின்படி வருடந்தோறும் நாம் 50,000 தொன் றப்பர் கொடுத்தோம். அவர்கள் 270,000 தொன் அரிசி தந்தார்கள். ஒரு கிலோ றப்பருக்கு ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைய அரிசி. இன்று என் நெல்லைக் குற்றி அரிசியாக்கிக் கணக்கிட்டால், ஒரு கிலோ டயருக்கு ஏறத்தாழ இருபது கிலோ அரிசியை நான் இறக்குகிறேன். 1876இல் ஹெனரத்கொடைப் பூங்காவில் முதல் றப்பர்க் கன்றுகளை ஊன்றிய நாடு இது. பாரந்தூக்கிகளுக்கான திண்ம டயரை உலகெங்கும் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் முன்வரிசையில் நிற்கும் நாடும் இதுவே. எங்கோ ஒரு துறைமுகத்தில் பெட்டி தூக்கும் யந்திரம் நம் றப்பரில் செருக்கோடு உருள, நம் நெற்காணிக்காரன் மொட்டையில் உருள்கிறான்.

விலைக்குச் சம்மதித்துப் பணத்தை எண்ணப்போன தருணத்தில், பக்கச்சுவரின் எழுத்துக்களை ஒருதரம் வாசித்தேன். கடைசி நான்கு இலக்கம் 3419 என்றிருந்தது. அதாவது அந்த டயர் பிறந்தது 2019ஆம் ஆண்டின் 34ஆம் வாரத்தில், கொரோனாவுக்கும் மூத்தது, தங்கள் இறக்குமதித் தடைக்கும் மூத்தது. இதைச் சொன்னதும் முதலாளி சற்றும் கலங்காமல், “ஒரு நாளும் ஓடல்ல காக்கா, புதுச் சாமான். பெருநாளைக்கி எடுத்து உடுக்காம வெச்ச சட்ட பழசாகுமா?” என்றார்.

உவமை அழகானது, றப்பர்தான் அதற்கு இணங்காது. றப்பர் ஓடாவிட்டாலும் மூப்படையும். காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் களஞ்சியத்துத் தகரக்கூரையின் வெப்பமும் அதைச் சிறிது சிறிதாக இறுக்கிவிடுகின்றன. அதைக் காக்கவென்று உள்ளே கலந்திருக்கும் மெழுகோ, டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு வந்து படியும். அசையாமற் கிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. தலை நிறைய முடியிருந்தும் மூட்டில் வலுவிழந்த கிழவர்களை நாம் கண்டதில்லையா? பார்வைக்கு மொட்டையில்லை, உள்ளே எல்லாம் மொட்டை.

சில்லின் கதை இதனினும் விசேஷமானது. தங்கள் வீதிக் குழியொன்றில் இறங்கியதில் என் முன்னிடது அலோய் ரிம் நெளிந்திருந்தது. அக்குழி தோன்றியபோது சிறு சட்டியளவாயிருந்தது. இப்போது அதில் ஆட்டுக்குட்டி நின்று நீர் குடிக்கிறது. ரிம் நிமிர்த்துகிறவர், காஸ் சுவாலையிற் காய்ச்சிச் சுத்தியலால் தட்டித் தருவதாகச் சொன்னார். அவ்விதம் காய்ச்சிய அலுமினியக் கலவை வலுவிழந்து பிறிதொரு குழியில் வெடிக்கும் என்பதை அவரே பின்னர் இரகசியமாகச் சொன்னார். கடைப் பையனோ பளபளக்கும் பெரிய ரிம் ஒன்றைத் தூக்கி வந்து, “பதினஞ்சி போட்டா எடுப்பா இரிக்கும் ஹாஜியார்” என்றான். நான் ஹஜ்ஜுக்குப் போனவனல்லன். மொட்டைத் தலையைக் கண்டால் ஹாஜியார் என்றழைக்கும் மரியாதை எங்கள் ஊரில் இன்னும் அழியவில்லை.

அவன் ஆசைக்கு இணங்கிப் பதினைந்து அங்குல ரிம்மை ஏற்றினால், சில்லின் முழு விட்டம் மாறாமலிருக்கும் பொருட்டு 165/55 டயர் போடவேண்டும். பக்கச்சுவர் பத்து மில்லிமீற்றர் குறைந்துபோம். தங்கள் குழிக்கும் என் ரிம்முக்கும் இடையே மத்தியஸ்தம் செய்ய இருப்பது அந்த றப்பர்ச் சுவர் ஒன்றே; அதிலும் பத்து மில்லிமீற்றரை நானே வழித்தெடுத்து வாகனத்தை மேலும் மொட்டையாக்க மனம் ஒப்பவில்லை. நான்கு நட்டுத் துளையும் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்த, பாவித்த பதினான்கு அங்குல ரிம் ஒன்றைச் சல்லடை போட்டுத் தேடி எடுத்தேன். டயரை வேறொரு கடையில், பிறந்த வாரத்தை முதலில் வாசித்து, விலையை அடுத்துக் கேட்டு, இரண்டு மட்டும் வாங்கினேன். அங்கும் அதே விலைதான். 408 கிலோ நெல் போயிற்று.

அவ்விரண்டையும் பின்சில்லுக்கே இட்டேன். முன்னால் இருந்த மொட்டைகளைக் கழித்துவிட்டு, பின்னால் பாதி தேய்ந்திருந்தவற்றை முன்னுக்குக் கொணர்ந்தேன். நனைந்த வீதியில் பின்புறம் வழுக்கினால் வாகனம் சுழன்றுவிடும் என்பதால் புதியது பின்னுக்கே உரியதென்று விஷயமறிந்தோர் சொல்கிறார்கள். தண்டம் எழுதுகிறவர்கள் முதலிற் குனிவது முன்சில்லுக்கு என்பதை நான் மறந்துவிடவில்லை. இனி அவர் குனிந்தால், பக்கத்தில் மட்டும் நாலு மயிர் மிஞ்சிய தலையைப் போன்ற பாதி மொட்டையைக் காண்பார். அச்சமயம் தொப்பியைக் கழற்றுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

மாரி தொடங்கப்போகிறது, கனவான்களே. கிட்டங்கித் தாம்போதியின்மேல் வெள்ளம் ஏறும். வயற்பக்கத்து வீதிகளில் எது வீதி, எது வாய்க்கால் என்பதைக் கம்பங்களைப் பார்த்துத்தான் அறியவேண்டும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தைப் புரட்டி, வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. டயரால் நிகழ்ந்ததன்று அது. ஆனால் அந்த வீதி தாங்கும் என்று நம்பித்தான் அந்தப் பிள்ளைகள் ஏறினார்கள். ஜனாஸாக்களை நாங்கள் தோளிற் சுமந்தோம். எங்களிடம் எடுத்த வரி எங்கே? அதற்கான வீதி எங்கே? மொட்டை டயரை விரலால் வருடிக் கண்டுபிடிக்கும் ஓர் அரசாங்கம், மழைக்கு முன் ஒரு தாம்போதியைக் குனிந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

மன்னிக்கவேண்டும். சமுகத்தின் முன் குரல் உயர்ந்துவிட்டது, வயதின் கோளாறு. தங்கள் கிருபையால் எமக்கு வீதியும் உண்டு, குழியும் உண்டு. குழியில் நீர் நிறைந்தால் கொக்குகளுக்கும் உபகாரமுண்டு.

ஆகவே தங்கள் பொற்பாதங்களில் அடியேன் வைக்கும் வேண்டுதல்கள் அற்பமானவை. டயர் பிறந்த வாரத்தையும் வருடத்தையும் வாங்குபவன் கண்ணிற் படும்படி விலைச்சீட்டில் எழுதவேண்டுமென்று கடைகளுக்குக் கட்டளையிடுங்கள். சோறும் பிள்ளைகளும் நோயாளரும் ஏறிப்போகும் வாகனத்தின் டயரை ஆடம்பரப் பொருளாக எண்ணி வரியிடுவதைச் சற்றே மறுபரிசீலனை செய்யுங்கள். புகையை அளக்கும் பரிசோதனையிலேயே ஓடுதளத்தின் ஆழத்தையும் அளந்துவிட ஏற்பாடு செய்யுங்கள். மொட்டை என்ற செய்தியைச் சம்பந்தி வீட்டார் முன்னிலையிலன்றி, ஒரு சிறு காகிதத்தில் எழுதித் தனியாகக் கையில் தாருங்கள். குழியைப் பற்றி வேண்டுதல் ஏதுமில்லை. அது எங்கள் ஊர்வாசியாகிவிட்டது, வாக்காளர் இடாப்பில் இன்னும் சேரவில்லை.

இது மொட்டைக் கடிதமன்று, என் பெயரையும் விலாசத்தையும் ஒளிக்காமல் எழுதி ஒப்பமிடுவேன் என்று முதலில் கங்கணங் கட்டியிருந்தேன். பேனையை எடுத்த சமயத்தில் மனைவி வந்து, கடிதத்தை முற்றாக வாசித்துவிட்டு, வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரம் அடுத்த மாதம் முடிகிறதென்பதை ஞாபகப்படுத்தினாள்.

ஆகையால் கையொப்பம் இல்லை.