உத்தியோக விருந்தியல்: ஓர் ஆராய்ச்சி

காரியாலயத்தில் ஒருவனுக்கு உத்தியோக உயர்வு வந்தால், உயர்ந்த சம்பளம் கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவன் தன் சகாக்களை இல்லத்துக்கு அழைத்துச் சிற்றுண்டி அளித்தாக வேண்டும் என்பது எழுதப்படாத உத்தரவு. எழுதப்பட்ட உத்தரவுகளுக்கு விலக்கு உண்டு, இதற்குக் கிடையாது. இத்துணை முக்கியமான விஷயத்தைப் பற்றி ஒரு சிறு பிரசுரம்கூட வெளியிடாமல், நம் ஆராய்ச்சிப் பெருமக்கள் ஏதோ ஒரு புலவர் ஆற்றுக்கு இக்கரையில் பிறந்தாரா அக்கரையில் பிறந்தாரா என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது. அக்குறையை நீக்கும்பொருட்டு, திருவல்லிக்கேணியில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் கூடத்தில் 11 பேருக்கு அண்மையில் நடந்த சிற்றுண்டி வைபவத்தை மூலமாகக் கொண்டு, இவ்வாராய்ச்சியைத் தமிழுலகின் முன் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

முதற்கண் பெயர் பற்றிய ஆசங்கை. விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தை வைத்திருப்பதும் அந்தப் புதுமை பற்றியே. இனி, பத்து மணி முதல் ஐந்து மணிவரை 11 ஆண்டுகளாக என் எதிர் மேஜையில் அமர்ந்திருப்பவரும், தும்மல் ஒலியைக் கொண்டே அன்று அவர் எந்தப் பொடி போட்டார் என்று நான் சொல்லிவிடக்கூடியவருமான டெஸ்பாட்ச் குமாஸ்தாவிடத்தில் என்ன புதுமையைக் காண்பது? ஆகவே அவர் விருந்தல்லர். போகட்டும், அதிதி என்னலாமோ எனின், திதி குறிக்காமல் வருபவனே அதிதி என்பது பெரியோர் கூறும் பொருளாகையால், நாளும் மணியும் குறித்துக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கி அழைக்கப்பட்டவர் அதிதியும் அல்லர். விருந்துமன்றி அதிதியுமன்றி வாசற்படியில் வந்து நின்று செருப்பைக் கழற்றும் இவரை எப்பெயரிட்டு அழைப்பது? "இன்னிக்கு சாயங்காலம் ஆபீஸ் வரது" என்று என் மனையாள் அடுத்த வீட்டு மாமியிடம் கூறியதே இதற்குத் தக்க விடை. ஊர் சிரித்தது என்பதுபோல இஃது இடவாகுபெயர். இலக்கணம் பயின்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்தில் விருந்தோம்பலுக்கென்று பத்துக் குறள்கள் இருக்கின்றன. மானேஜரையும் பியூனையும் ஒரே ஜமக்காளத்தில் அமர்த்தலாமா என்பதற்கு அப்பத்திலும் விதி இல்லை. வள்ளுவர் எந்தக் காரியாலயத்திலும் குமாஸ்தாவாக இருந்ததில்லை என்பதற்கு இதனினும் வலிய அகச்சான்று வேண்டுவதில்லை.

வருகையியல்: மானேஜர் வரும்வரை எவரும் உண்ணார், மானேஜர் ஏழரைக்கு முன் வாரார். இவ்வியல் முற்றிற்று.

உரையாட்டியல்: காரியாலயத்தைப் பற்றி இன்று ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று தொடங்கி, அதைப் பற்றியன்றி வேறொன்றும் பேசாமல் எழுவர்.

பாத்திரவியல் சற்று விரிவானது. 11 பேருக்குக் காப்பி கொடுக்க 11 டம்ளரும் 11 டவராவும் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தவையோ நான்கு. அவற்றிலும் ஒன்று ஒழுகும். ஆதலால் அக்கம்பக்கத்து இல்லங்கள் மூன்றிலிருந்து எஞ்சியவை தருவிக்கப்பட்டன. பாத்திரத்தில் பெயர் வெட்டும் நம்மவர் வழக்கத்தை உத்தேசித்தால், இது எத்தகைய சரித்திரக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கும் என்பது விளங்கும். காப்பியைக் குடித்து முடித்த ஹெட் கிளார்க், டம்ளரைத் தூக்கிப் பிடித்து, அதில் வெட்டியிருந்த 'ப. மீ.' என்ற எழுத்துக்களையும், பக்கத்திலிருந்தவரின் டவராவில் இருந்த 'கு. ரா.' என்ற எழுத்துக்களையும் ஒப்புநோக்கி, "என்ன ஸார், வீட்டிலே எத்தனை ராஜ்யம் நடக்கிறது?" என்று வினவினார். இன்னும் 1000 ஆண்டுகள் கழித்து என் வீட்டுக் கூடத்தை ஆராய்ச்சியாளர் ஒருவர் அகழ்ந்து பார்ப்பாராயின், இங்கே நான்கு வமிசத்தார் அடுத்தடுத்து அரசாண்டனர் என்றும், கடைசி வமிசம் ஒழுகும் டம்ளரோடு வீழ்ச்சியுற்றது என்றும் முடிவு கட்டி, அதற்கு ஒரு பட்டமும் பெறுவார்.

இனி, இந்த ஆராய்ச்சியின் உயிர்நிலையாகிய பரிமாறலியலுக்கு வருவோம். இவ்வியல் முழுவதும் 'போதும்' என்னும் ஒரே சொல்லைப் பற்றியது.

இலையில் மூன்றாவது வடை விழும் தருணத்தில் உண்பவன் வாயிலிருந்து பிறக்கும் இச்சொல்லுக்குப் பொருள் யாது என்பதில் பெரும் அபிப்பிராய பேதங்கள் உண்டு. பூர்வபக்ஷம் கூறுவார், அது மறுப்பு என்பர். இது பொருந்தாது. 'போதும்' என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று, எதிர்காலத்துக்கு உரியது. இனிமேல் போதுமானதாக ஆகும் என்பது கருத்தாகவே, இன்னும் ஆகவில்லை என்பது அருத்தாபத்தியால் பெறப்படும். அங்ஙனம் ஆகும்வரை இடுவது இடுவோர் கடன். இவ்வுரைக்குச் சான்று எங்கள் வீட்டு மளிகைப் பட்டியல், பின்புறம், கடலைப்பருப்புக்கு நேரே, '1 படி' என்பதை அடித்து '2 படி' என்று திருத்தியுள்ள இடம்.

மற்றொரு சாரார், போது என்பது பொழுது என்பதன் மரூஉ ஆகலின், உண்பவன் சொல்லக் கருதியது 'எப்போதும்' என்பதே என்றும், வாயில் வடை இருந்த காரணத்தால் அது முதற்குறையாகி 'போதும்' என ஒலித்தது என்றும் உரைப்பர். பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை மாட்டு என்ற உத்தியால் எங்கோ கொண்டு சேர்த்த நச்சினார்க்கினியர் இருந்திருப்பின், 'போதும்' என்ற சொல்லை இந்த இலையிலிருந்து எடுத்து அடுத்தவர் இலையோடு கூட்டிப் பொருள் கொண்டிருப்பார். உண்மையில் என் மனையாள் செய்ததும் அதுவே: டைப்பிஸ்ட் போதும் என்றதற்கு அக்கௌண்டண்ட் இலையில் கேசரி விழவில்லை, அக்கௌண்டண்ட் வாய் திறவாதிருந்ததற்கு டைப்பிஸ்ட் இலையில் இரு கரண்டி விழுந்தது.

பாடபேதமும் உண்டு. எங்கள் தெருவில் வழங்கும் பாடம் 'போறும்' என்பது. ஒரு தமிழ்ப் பண்டிதர் இதனை இடையின ரகரமாகக் கொண்டு 'போரும்' என்று திருத்தி, ஆதலால் விருந்தின் இறுதியில் போர் நிகழும் என்று விளக்கம் தந்தார். அவர் வீட்டு விருந்துகளை நான் பார்த்திருக்கிறேனாகையால் அப்பாடத்தை முற்றிலும் தள்ளுவதற்கில்லை.

ஓசை நோக்கியும் இச்சொல் பலவாம். தலை நிமிராமல் ஒருமுறை சொல்லப்படுவது தனிப்போதும். இது 'கொண்டு வருக' என்னும் பொருட்டு. ஒரு சொல் நான்குவரை அடுக்கலாம் என்று நன்னூலார் எல்லை வகுத்திருக்க, எங்கள் ஸ்டோர் கீப்பர் நெய் வந்தபொழுது அதை ஏழு முறை அடுக்கினார். ஆயினும் கையை மட்டும் இலைக்கு வெளியிலேயே வைத்திருந்தார். கையால் இலையை மூடுவது கைப்போதும். இதில் விரல்களுக்கு இடையே உள்ள இடைவெளியே நூற்பா. விரல் நெருங்கினால் மறுப்பு, அகன்றால் சம்மதம், சுண்டுவிரல் மட்டும் விலகினால் அரைக் கரண்டி. இந்நுட்பம் எங்கள் வீட்டுப் பால்கணக்கு நோட்டில், மார்கழி மாதத்துப் பக்கத்தில், மஞ்சள் கறைக்குக் கீழ் பென்சிலால் குறிக்கப்பட்டுள்ளது. அதன்மேல் என் இளைய குமாரன் வரைந்த யானையின் துதிக்கை இடைச்செருகல் என்பதும், வால் மட்டும் மூல ஆசிரியருடையது என்பதும் சமையலறைக் கதவின் பின்புறம், வடகீழ் மூலையில், இருவேறு காலத்தில் இருவேறு கையால் இழுக்கப்பட்ட கரிக்கோடுகளோடு ஒப்பிட்டு நான் துணிந்த முடிபு. இம்முடிபை மறுக்க விரும்புவோர், மறுப்புக்குமுன் யானையை நேரில் வந்து பார்வையிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

எஞ்சியது அளபெடைப்போதும். இது மேலதிகாரிகளுக்கே உரியது. எங்கள் மானேஜர் நான்காவது போண்டாவின் முன் கண்ணை மூடி, 'போஒதும்' என்று ஒரு மாத்திரை மிகையாக நீட்டினார். அதிகாரியின் சொல்லுக்குச் சொற்பொருள் கொள்ளலாகாது, குறிப்புப்பொருளே கொள்ளவேண்டும் என்பது 11 வருஷ உத்தியோகத்தில் நான் கற்ற பாடம். ஆதலால் ஐந்தாவதையும் இடச் செய்தேன். ஆறாவதையும் இடச் செய்தேன். மனையாளுக்கு ஐயம் எழாமல் இல்லை. எனினும் அவள் கொள்கை என்னுடையதினும் தெளிவானது. "ஏன்னா, வேணும்கிறவா தானே கேட்டு வாங்கிப்பா, போறும்கிறவாளுக்குத்தான் நாம பார்த்துப் போடணும்" என்றாள். இதைவிடச் சுருக்கமான சூத்திரம் எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

மானேஜர் மறுநாள் காரியாலயத்துக்கு வரவில்லை. வயிற்று உபாதை என்று காஷுவல் லீவ் கடிதம் வந்தது. ஆகவே அன்று அவர் நீட்டியது மெய்ப்போதும், அதாவது போதும் என்ற பொருளிலேயே சொல்லப்பட்ட போதும், என்று இப்பொழுது எண்ண இடமிருக்கிறது. இவ்வகை மிக அரியது. கண்டறிவதற்குரிய இலக்கணம் எதுவும் இதுகாறும் வகுக்கப்படவில்லை. லீவ் கடிதம் ஒன்றே சான்று.

விருந்து முடிந்து பாத்திரங்களைத் துலக்கி அவரவர் இல்லத்துக்குத் திருப்பியனுப்பியபின் ஒரு சிக்கல் தோன்றியது. வாங்கிவந்த டவராக்கள் 7, திருப்பியனுப்பியவை 7, வீட்டில் எஞ்சியவை 5. நான்கு எங்களுடையவை. ஐந்தாவதில் 'வ. சு.' என்று வெட்டியிருக்கிறது. தெருவில் அவ்வெழுத்துக்களுக்கு உரியவர் ஒருவரும் இல்லை. எவரும் கேட்டு வரவுமில்லை. வகரத்தின் வளைவைக் கொண்டு அது கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் வெட்டியது என்று என் மாமனார் சொல்கிறார். வெட்டியவன் இடக்கையன் என்பது என் கட்சி. இப்போதைக்கு அதில் நான் காப்பி குடித்து வருகிறேன்.