பாம் ஷெல்டருக்குள் வைஃபை

கேள்வி: வயர்கள் கண்ணில் படக் கூடாதென்று மோடத்தையும் ரவுட்டரையும் வீவக வீட்டின் பாம் ஷெல்டருக்குள் வைத்துவிட்டோம். படுக்கையறைக் கணினிக்கு இணையம் அரைகுறையாகத்தான் வருகிறது. புதுக் கணினி வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, செம்பவாங்

பதில்: காசைக் கையில் வையுங்கள்! பாம் ஷெல்டர், அதைக் கட்டாயமாக்கிய 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு புது வீடுகளில் வந்த அறை. கம்பி கட்டிய கனத்த கான்கிரீட், இரும்புக் கதவு. குண்டுச் சிதறலையே தடுக்கும் சுவர் வைஃபைக்கு மட்டும் வழிவிடுமா? பாவம், அது தன் வேலையைப் பார்க்கிறது.

சந்தேகமென்றால் லேன் கேபிளை ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராகச் செருகுங்கள். வேகம் வந்தால் கணினி பெரும்பாலும் நிரபராதி. ரவுட்டரை வரவேற்பறைக்குக் குடியேற்றுங்கள். (ஷெல்டர் சுவரை உடைக்கும் யோசனை வேண்டாம், அனுமதி கிடையாது.) 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகக்காரன், ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடுவான். தூரத்து அறைக்கு 2.4 தான் தோது.

மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் கோளாறு பெரும்பாலும் ஃபைபரில். அப்போது இணையச் சேவை நிறுவனத்தை அழையுங்கள். காத்திருக்கச் சொல்லும் இசை முடிவதற்குள் செம்பவாங் வெந்நீர் ஊற்றில் நாலு முட்டை அவித்துக்கொண்டு வந்துவிடலாம்.