வாத்தெடுப்பியல்: திருவண்ணாமலைப் பாடம்

பாயிரம்

சுடப்பட்டு ஏரியில் விழுந்த வாத்தை நீந்திப் போய்க் கவ்வி, ஒரு இறகும் கசங்காமல் எஜமானர் கையில் கொடுக்கும் நாயைப் பழக்கத் தொடங்குவதே இந்நூல் நுதலிய பொருள். எல்லை: கிழக்கே ராஜகோபுரம், மேற்கே அடி அண்ணாமலை. கேட்போர்: லேப்ரடார் குட்டியை வாங்கிவிட்டு இனி என்ன செய்வது என்று விழிப்போர். பயன்: வாத்து நீங்கலாக எல்லாம். காரணம் துப்பாக்கியியலில் வரும்.

திணையியல்

ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. வாத்தெடுத்தல் எதன்பாற்படும்? வாத்து நம்முடையதே அல்ல, ஆகவே வெட்சி என்பார் ஒரு சாரார். சுட்டதால் நம்முடையதாகி, விழுந்ததால் ஏரிக்குப் போனதை நாய் மீட்கிறது. ஆகவே கரந்தை என்பது எம் துணிபு. சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல்லில், எருமைகளுக்காக மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் இருந்ததாம். நாயின் பெயரைப் பொறித்தவர்கள் கள்ளர் பெயரைப் பொறிக்கவில்லை. ஆக, நாய்க்கு வேலை கொடுப்பது இவ்வட்டாரத்தில் ஏழாம் நூற்றாண்டு வழக்கம், லேப்ரடார்தான் புதுசு.

நாய்வகையியல்

எறிந்த பொருளுக்கு என்ன நேர்கிறது என்பதை வைத்து நாய் நான்கு வகைப்படும்.

முதல் வகை, எறியும் முன்பே ஓடுவது. கிரிவலப் பாதை நாய்களெல்லாம் இதில் அடங்கும். மனிதன் குனிந்தால் கல், கை ஓங்கினால் கல் என்பது 14 கிலோமீட்டருக்கும் பொதுவான அனுபவம். பந்தை எடுக்க நீங்கள் குனிந்து நிமிர்வதற்குள் நாய் இரண்டு லிங்கம் தாண்டியிருக்கும். அறிவில் குறை சொல்ல முடியாது. பௌர்ணமி இரவில் எந்த அன்னதானப் பந்தலில் எப்போது சாம்பார் சாதம் மிஞ்சும் என்பது அதற்கு அத்துப்படி.

இரண்டாவது, துரத்திப் பிடிப்பது: கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம். கண்ணை நம்பி வேட்டையாடுகிறவை. ஓடும் முயலென்றால் உயிரை விடும். அசையாமல் கிடப்பதைத் திரும்பியும் பார்க்காது. ராஜபாளையத்துக்கு அஞ்சல் துறை 2005இல் தபால்தலையே வெளியிட்டது. அந்தக் கம்பீரத்தோடு, வேண்டுமானால் நீயே போய் எடுத்துக்கொள் என்று நிற்கும்.

மூன்றாவது, கவ்வும், கொடுக்காது. வீட்டு லேப்ரடார்கள் பெரும்பாலும் இவ்வகை. முன்னோர் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களோடு குளிர்நீரில் உழைத்தவர்கள். பிரிட்டனுக்குப் போய் வேட்டைநாயாகி, 1903இல் அங்கே கென்னல் கிளப்பின் அங்கீகாரம் பெற்றார்கள். ஈரம் உள்ளே இறங்காத இரட்டை ரோமம், துடுப்புப் போன்ற வால், விரலிடைச் சவ்வு. இத்தனையையும் சுமந்துகொண்டு நம் ஊர் மே மாதத்தில் மொசைக் தரையில் வயிற்றைப் பரப்பிக் கிடக்கிறது, பாவம்.

நான்காவது, கொண்டுவந்து கொடுப்பது. இது பிறப்பதில்லை, மூன்றாவதிலிருந்து ஆக்கப்படுவது.

புறனடை: கமலா. ரமணர் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த காலத்து நாய். புதிதாக வந்தவருக்குச் சுற்றிக் காட்டச் சொன்னால், தீர்த்தம், சந்நிதி ஒன்று விடாமல் அழைத்துப் போகும். பொருளை ஆளிடம் சேர்க்காமல் ஆளைப் பொருளிடம் சேர்த்ததால் எந்த வகையிலும் அடங்காது.

பழக்கவியல்

எட்டு வாரக் குட்டியிலேயே தொடங்கலாம். கருவி, சுருட்டிய ஒரு ஜோடி சாக்ஸ். களம், வீட்டு நடை. பக்கத்து அறைக் கதவுகளைச் சாத்திவிட்டு, குட்டியின் படுக்கையை மறித்துத் தரையில் உட்காருங்கள். சாக்ஸை உருட்டிவிட்டால் ஓடிப்போய்க் கவ்வும். கவ்வியதைப் படுக்கையில் பதுக்கத் திரும்பும், வழியில் நீங்கள். உடனே பிடுங்கினால் போயிற்று. வாயில் இருக்கும்போதே மார்பைத் தடவிக் கொஞ்சி, பிறகு மெல்ல வாங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை. குட்டி இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்கு வந்த மைத்துனருக்குக் காட்டுகிறேன் என்று இருபது தடவை எறிபவர்தான் கெடுப்பவர். அலுத்துப்போன குட்டி நடுவழியில் உட்கார்ந்து சாக்ஸைத் தின்னத் தொடங்கும். இழுபறி விளையாட்டும் ஆகாது. பல்லை அழுத்தப் பழகிய வாய்க்கு வாத்து தப்பாது.

எடுத்துக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள். எதிர்த்திசையில் நீங்கள் ஓடுங்கள், பின்னாலேயே வரும். தெருவில் ஓடினால் உங்களைக் காப்பாற்ற யாராவது கல் எடுப்பார்கள். முன்கூட்டியே சொல்லி வைக்கவும்.

அடுத்தது இருத்தல், நூலின் கடினமான பகுதி. எறிந்ததும் பாயக் கூடாது, ஏவிய பின்பே போக வேண்டும். இதற்காக எறிவதில் பாதியை நாய் உட்கார்ந்து பார்க்க நீங்களே போய் எடுத்துவர வேண்டும். விழுவதெல்லாம் தனக்கல்ல என்று அப்படித்தான் அதற்குப் படியும். யார் யாரைப் பழக்குகிறார்கள் என்று எதிர்வீட்டில் கேட்பார்கள்.

ஏவல் மொழி ஆங்கிலம். மனைவி மக்களிடம் தமிழைத் தவிர வேறு அறியாதவரும் நாயிடம் சிட், கம், கோ என்பார். தூரத்துக்கு விசில்: ஒரு நீள ஊதல் என்றால் உட்கார். பௌர்ணமியன்று கிரிவலப் பாதைப் பக்கம் போக வேண்டாம். போக்குவரத்துக் காவலரின் ஒவ்வொரு ஊதலுக்கும் உட்கார்ந்து நாய் வீடு வந்து சேராது.

நீரியல்

கோயில் குளங்கள் விலக்கு. ஏரியில் கரை சரிவாக இறங்கும் இடத்தில், வெயில் தண்ணீரைச் சூடாக்கிய பின், முதலில் நீங்கள் முழங்காலளவு இறங்க வேண்டும். தூக்கிப் போட்டால் அதற்கு ஆயுளுக்கும் ஏரி ஆகாது.

துப்பாக்கியியல்

இவ்வியலின் பெரும்பகுதி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் நீக்கப்பட்டது. உரிமம் வாங்கிச் சுடலாம் என்று மிஞ்சியிருந்த அடிக்குறிப்பும் 1991 திருத்தத்தோடு போயிற்று. தொல்லியல் துறை செங்கம் நடுகற்களை நூலாக வெளியிட்டதும் 1972இல்தான். கோவிவனின் வேலைக்குச் சான்று அச்சேறிய ஆண்டிலேயே அதன் லேப்ரடார் தம்பிகளின் வேலைக்கு ஆபத்து வந்தது. வேடந்தாங்கல்காரர்கள் இன்னும் முந்திக்கொண்டவர்கள். பறவை சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை நிறுத்த, 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்து வாங்கினார்கள்.

தேர்வியல்

அறுப்பு முடிந்த வயலுக்கு மேய்ச்சல் வாத்துக் கூட்டம் வரும். நாட்டு வாத்தில் கீரி, சன்னியாசி என்று ரகம் சொல்வார்கள். இவ்வூரில் சன்னியாசிகளை வகைப்படுத்துவது இந்நூலின் எல்லைக்கு அப்பால். மேய்ப்பவரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, சங்கிலியைக் கழற்றாமல் நாயை வரப்பில் உட்கார வைக்கவும். கூட்டம் முழுக்கக் கத்திக்கொண்டு கடந்து போகும்வரை எழாவிட்டால் தேர்ச்சி. சங்கிலி அறுந்தால் வாத்து ஒன்றுக்கு என்ன விலை என்று மேய்ப்பவர் சொல்வார். பேரம் பேச வேண்டாம்.