தயாரிப்பாளர் சித்தாந்தம்: ஒரு சிற்றாராய்ச்சி

பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பது சைவ சித்தாந்தம். தமிழ்ச் சினிமாவிலும் பொருள்கள் மூன்றே: முதலாளி, நடிகர், அட்வான்ஸ். மும்மலங்களுக்கும் குறைவில்லை. ஆணவம் நடிகரிடம் இயல்பாகவே உண்டு. கன்மம் விநியோகஸ்தர் வடிவில் வெள்ளிக்கிழமைதோறும் வந்து சேரும். மாயையைச் செட் போடுகிறவர் கவனித்துக்கொள்வார். இத்துறைக்குச் சாத்திரங்கள் தயாரிப்பாளர்களின் தன்வரலாறுகள். அவற்றுள் ஏவி.எம். நிறுவனர் ஏ.வி. மெய்யப்பன் எழுதிய ‘எனது வாழ்க்கை அனுபவங்கள்’ மூலநூல் எனத் தக்கது.

பரபக்கம்

பாட்டை உண்டாக்குபவர் யார்? கவிஞர் என்பார் ஒரு சாரார். மெட்டுப் போட்டவர் என்பார் மற்றொரு சாரார். வாயசைத்தவரே என்பார் ரசிகர் மன்றத்தார். கவிஞரே முதலாளியாகிவிட்டால் பதியும் பசுவும் ஒன்றாகிச் சிக்கல் தீராதோ எனின், தீராது. கண்ணதாசன் சொந்தமாகத் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960), தலைப்பில் எதை இல்லை என்றதோ அதையே அவருக்கு நிறையத் தந்தது.

சுபக்கம்

மெய்யப்பன் பாடகர் அல்லர், நடிகரும் அல்லர். காரைக்குடியில் தந்தையின் கடையில் கிராமபோன் ரெக்கார்டு விற்றவர். பிறகு சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ரெக்கார்டு வெளியிட்டவர். உடல் வேறு, உயிர் வேறு என்று தெளிய யோகிகளுக்குப் பல பிறவி பிடிக்கும். ரெக்கார்டுக் கடையில் குரல் தனியே உறைக்குள் வந்து இறங்குவதால், கல்லாவில் உட்கார்ந்தவருக்கு அது முதல் நாளே விளங்கிவிடும்.

விளங்கியதும் சித்தி கிட்டிவிடவில்லை. முதல் படம் ‘அல்லி அர்ஜுனா’ (1935) ஓடவில்லை. ரெக்கார்டு சுற்றினால் வந்த பணம், பிலிம் சுற்றினால் போயிற்று. சாதனை 1938-இல் கைகூடியது. ‘நந்தகுமார்’ படத்தில் நடித்தது ஒருவர், அவருக்காகப் பாடியது லலிதா வெங்கட்ராமன். 1944-இல் ஹரிச்சந்திரன் கதையைச் சொன்ன கன்னடப் படம் ஒன்றின் வாய்களுக்குள் தமிழைப் புகுத்தினார். உண்மைக்குப் பேர்போன அரசனே இரவல் குரலில் பேசியதை அன்று யாரும் ஆட்சேபிக்கவில்லை.

உச்சநிலை ‘ஸ்ரீ வள்ளி’ (1945). குமாரி ருக்மணி வள்ளியாக நடித்து, தாமே பாடியும் முடித்துவிட்டார். நடிப்பு மெய்யப்பச் செட்டியாருக்குப் பிடித்தது, பாட்டு பிடிக்கவில்லை. படத்தைத் திரும்ப எடுக்காமல், அந்த உதட்டசைவுக்கு ஏற்பப் பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து ஒலியை மட்டும் மாற்றினார். திருமூலர் இடையன் மூலனின் உடலில் புகுந்தது மூலன் இறந்த பிறகு. இங்கே உடலுக்கு உரியவர் நலமாக இருந்தார். அவருக்கு அடுத்த படமும் இருந்தது. சித்தரைச் செட்டியார் மிஞ்சிய இடம் இது.

ஆட்சேபமும் சமாதானமும்

பதி பிழைபடுவதுண்டோ எனின், உண்டு. ‘பராசக்தி’ (1952) படப்பிடிப்பு தொடங்கிய பின், நாடக மேடையிலிருந்து வந்த புதுப் பையனை மாற்றிவிடலாம் என்றார் மெய்யப்பன். கூட்டாளி பி.ஏ. பெருமாள் மறுத்துவிட்டார். பையன் பெயர் சிவாஜி கணேசன். குரலும் முகமும் ஒரே ஆளிடம் ஒட்டிக்கொண்டு, பிரிக்க முடியாமல் வரக்கூடும் என்பதைச் சாத்திரம் எதிர்பார்த்திருக்கவில்லை. பதி இருவராக இருப்பது பசுவுக்கு நல்லது என்பது இதனால் பெறப்படும்.

முத்தி

பாசம் நீங்குவதே முத்தி. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை மெய்யப்பன் விலைகொடுத்து வாங்கி, ‘நாம் இருவர்’ (1947) படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடக் குமாரி கமலாவை ஆடவைத்தார். படம் நன்றாக ஓடியது. லாபம் தரும் சரக்கு என்று கணக்கிலேயே தெரிந்த பிறகு, 1949-இல் அந்த உரிமையை ஒரு காசும் வாங்காமல் அரசிடம் கொடுத்துவிட்டார்.

பாட்டின் உரிமையைத் தானாக விட்ட பதியும் தமிழ்ச் சினிமாவில் உண்டு என்பதற்கு இது பிரமாணம். இரண்டாவது பிரமாணம் கிடைத்ததும் இவ்வதிகாரம் விரித்து எழுதப்படும்.